நாளைய வீரரின் இன்றைய விலை

ஒரு விளையாட்டுத் தொடரில் ஆடும் அணிகள் வரிசை முறையில், ஒன்றன்பின் ஒன்றாக வீரர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு டிராஃப்ட் என்று பெயர். ஏலத்தில் யார் கூடுதலாகக் கேட்கிறாரோ அவருக்கு வீரர் கிடைப்பார். டிராஃப்டில் யாருடைய முறை முதலில் வருகிறதோ அவருக்குக் கிடைப்பார். ஆகவே வரிசையில் ஓர் இடம் என்பதே அணியின் சொத்தாகிவிடுகிறது. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவில் இந்த இடத்தை வேறு அணிக்குக் கொடுத்து வீரரை வாங்கலாம். ஏழு ஆண்டுகள் கழித்து வரப்போகும் இடத்தைக்கூட இன்றைக்கே கைமாற்றலாம். அந்த இடத்தில் எந்த வீரர் வருவார் என்பது கைமாறும் நாளில் தெரியாது. அது எத்தனையாவது இடம் என்பதும் பெரும்பாலும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு விலை வைக்கும் இந்தச் சிக்கல்தான் அந்தத் தொடரின் பல அணிகளை உயர்த்தியும் கவிழ்த்தும் இருக்கிறது.

இந்தியாவின் பெரிய தொடர்கள் பெரும்பாலும் ஏலத்தையே நம்புகின்றன. ஒரே ஒரு முறை, புனே நகரின் பெயர் தாங்கிய அணி உள்ளிட்ட இரு புதிய அணிகளுக்காக, ஐபிஎல்லில் டிராஃப்ட் நடந்தது. தேர்வு வரிசைக்கு உண்மையில் என்ன மதிப்பு என்பதைப் பார்க்க அதைவிடத் தெளிவான உதாரணம் நம் நாட்டில் கிடையாது.

ஐபிஎல் சூதாட்ட விவகாரத்தில் நீதிபதி ஆர்.எம்.லோதா தலைமையிலான குழு 2015 ஜூலை 14 அன்று சென்னை சூப்பர் கிங்ஸ், ராஜஸ்தான் ராயல்ஸ் ஆகிய இரு அணிகளையும் இரண்டு ஆண்டுகளுக்கு இடைநீக்கம் செய்தது. காலியான இடங்களை நிரப்ப, 2016, 2017 ஆகிய இரண்டு சீசன்களுக்கு மட்டும் இரண்டு தற்காலிக அணிகளை உருவாக்க இந்திய கிரிக்கெட் வாரியம் முடிவெடுத்தது. அதற்கான ஏலம் தலைகீழாக நடந்தது. வாரியத்தின் பொது வருவாயிலிருந்து ஓர் அணிக்குத் தரக்கூடிய தொகைக்கு 40 கோடி ரூபாய் என்று உச்சவரம்பு வைத்து, அதைவிடக் குறைவாகக் கேட்பவருக்கு அணி என்றார்கள். போட்டியில் கேட்பு பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது. 2015 டிசம்பர் 8 அன்று கொல்கத்தா தொழிலதிபர் சஞ்சீவ் கோயங்காவின் நியூ ரைசிங் நிறுவனம் தனக்கு எதுவும் வேண்டாம், தானே 16 கோடி தருவதாகச் சொல்லிப் புனேயை எடுத்தது. இன்டெக்ஸ் நிறுவனம் 10 கோடி தருவதாகச் சொல்லி ராஜ்கோட்டை எடுத்தது. குறைவாகக் கேட்டவருக்கு டிராஃப்டில் முதல் வாய்ப்பு என்பது விதி. அப்படிப் புனே வரிசையின் முன்னால் வந்து நின்றது.

டிசம்பர் 15 அன்று மும்பையில் டிராஃப்ட் நடந்தது. இடைநீக்கம் செய்யப்பட்ட இரு அணிகளின் வீரர்களிலிருந்து ஆளுக்கு ஐந்து பேரை மாறி மாறி எடுக்க வேண்டும். விலை வீரருக்கு வைக்கப்படவில்லை, இடத்துக்கு வைக்கப்பட்டது. முதல் இடத்துக்கு 12.5 கோடி, இரண்டாவதுக்கு 9.5 கோடி, மூன்றாவதுக்கு 7.5 கோடி, நான்காவதுக்கு 5.5 கோடி, ஐந்தாவதுக்கு 4 கோடி. மொத்தம் 39 கோடி. வீரர்களுக்காகச் செலவிட அனுமதிக்கப்பட்ட 66 கோடியில் மீதி 27 கோடியோடுதான் இரு அணிகளும் 2016 பிப்ரவரி ஏலத்துக்குப் போக முடிந்தது.

புனே முதலில் மகேந்திர சிங் தோனியை எடுத்தது. அதில் யாருக்கும் வியப்பில்லை. அடுத்து ராஜ்கோட் சுரேஷ் ரெய்னாவை எடுத்தது. பிறகு புனே அஜிங்க்ய ரஹானே, ரவிச்சந்திரன் அஸ்வின், ஸ்டீவ் ஸ்மித், ஃபாஃப் டு பிளெஸ்ஸி என்று எடுத்துக்கொண்டே போக, ராஜ்கோட் பக்கம் ரவீந்திர ஜடேஜா, பிரெண்டன் மெக்கல்லம், ஜேம்ஸ் ஃபாக்னர், டுவைன் பிராவோ சேர்ந்தார்கள். பத்துப் பேரும் சர்வதேச ஆட்டத்தில் பல ஆண்டுகள் நின்று காட்டியவர்கள். யார் எப்படி ஆடுவார் என்பது கிரிக்கெட் பார்க்கும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அமெரிக்க டிராஃப்டுகளில் கல்லூரியை முடிக்காத பத்தொன்பது வயதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த இருட்டு புனேயின் முன் இல்லை. அப்படியிருந்தும் வரிசையின் மதிப்பு சொன்னபடி நிற்கவில்லை.

2016 சீசனில் ரைசிங் புனே சூப்பர்ஜயன்ட்ஸ் எட்டு அணிகளில் ஏழாவதாக முடித்தது. ஸ்மித்துக்கு மணிக்கட்டுக் காயம், டு பிளெஸ்ஸிக்கு விரல் எலும்பு முறிவு, ஏலத்தில் வாங்கிய கெவின் பீட்டர்சன், மிட்செல் மார்ஷ் இருவருக்கும் காயம். பாதித் தொடருக்குள் நால்வரும் ஊர் திரும்பினார்கள். போதாததற்கு மகாராஷ்டிராவில் கடும் வறட்சி. மைதானப் பராமரிப்புக்குத் தண்ணீர் செலவழிப்பதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் ஏப்ரல் மாதத்துக்குப் பிந்தைய ஆட்டங்களை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னது. கஹுஞ்சே மைதானத்தை விட்டுவிட்டுப் புனே அணி விசாகப்பட்டினத்தில் சொந்த ஊர் ஆட்டங்களை ஆடியது. இரண்டாவது வாய்ப்பைப் பெற்ற ராஜ்கோட்டின் குஜராத் லயன்ஸ் அதே ஆண்டில் லீக் சுற்றின் முடிவில் முதலிடத்தில் நின்றது. அந்த ஒரு சீசனோடு கணக்கை முடித்திருந்தால், முதல் இடத்துக்காகக் கூடுதல் கோடிகளைக் கொட்டியது வீண் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

2017இல் படம் அப்படியே திரும்பியது. புனே லீக் சுற்றில் இரண்டாமிடம் பிடித்து இறுதிப்போட்டிக்குப் போனது. குஜராத் லயன்ஸ் ஏழாமிடத்துக்குச் சரிந்தது. ஆனால் இந்தத் திருப்பத்தையும் முதல் இடத்தின் கணக்கில் எழுத முடியாது. ஏலத்துக்கு முந்தைய நாள் தோனியிடமிருந்த தலைமைப் பொறுப்பு ஸ்மித்திடம் போயிருந்தது, அதாவது 5.5 கோடி இடத்தில் வந்தவர் 12.5 கோடி இடத்தில் வந்தவருக்குத் தலைவரானார், அந்த சீசனில் 472 ரன்களும் குவித்தார். 7.5 கோடி இடத்தில் வந்த அஸ்வின் காயத்தால் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அவருக்குப் பதிலாக வந்தவர் சென்னையைச் சேர்ந்த பதினேழு வயது வாஷிங்டன் சுந்தர். மும்பை வான்கடே மைதானத்தில் மே 16 அன்று நடந்த முதல் தகுதிச் சுற்றில் அந்தப் பையன் 16 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் விருதை வாங்கினான். அதே ஆட்டத்தின் கடைசி ஓவர்களில் தோனி அடித்த ஐந்து சிக்ஸர்களும் சேர்ந்தே புனேயை இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோயின.

அந்த சீசனின் உண்மையான லாபம் வந்த இடங்கள் இன்னும் விசித்திரமானவை. 30 லட்சத்துக்கு வாங்கிய ஜெய்தேவ் உனத்கட் 24 விக்கெட் எடுத்தார். மகாராஷ்டிரா அணிக்காக ஆடிவந்த ராகுல் திரிபாதியை 10 லட்சத்துக்கு எடுத்தார்கள். 391 ரன்கள் அடித்தார், கொல்கத்தாவுக்கு எதிராக ஈடன் கார்டனில் 52 பந்தில் 93. ஏலத்தில் ஒருவரும் கேட்காத இம்ரான் தாஹிர், காயமடைந்த மார்ஷுக்குப் பதிலாக வந்து 18 விக்கெட் வீழ்த்தினார். அதிகப் பணம் கொடுத்து வாங்கியதில் சோடைபோகாதவர் 14.5 கோடி ரூபாய் பென் ஸ்டோக்ஸ்.

ஹைதராபாத்தில் மே 21 அன்று நடந்த இறுதிப்போட்டியில் மும்பை 129 ரன்தான் எடுத்தது. கடைசி ஓவரில் புனேக்கு 11 ரன் தேவை; மிட்செல் ஜான்சன் வீசிய அந்த ஓவரில் ஸ்மித் ஆட்டமிழந்தார். கடைசிப் பந்தில் 4 ரன் வேண்டியிருக்க, இரண்டு ஓடி மூன்றாவதுக்குத் திரும்பிய டேனியல் கிறிஸ்டியன் ரன் அவுட் ஆனார். 128. ஒரு ரன்னில் கோப்பை போனது. அந்தப் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தால் 2015 டிசம்பரில் போட்ட கணக்கு முழுவதும் மேதைமை என்று போற்றப்பட்டிருக்கும். தேர்வின் தரம் இவ்வளவு மெல்லிய நூலில் தொங்கும்போது முடிவை வைத்துத் தேர்வை எடைபோடுவது நியாயமல்ல. ஆனால் ரசிகர்களும் முதலாளிகளும் பெரும்பாலும் அப்படித்தான் எடைபோடுகிறார்கள்.

அணியின் ஆயுள் முடிந்ததும் உரிமைகளும் முடிந்தன. 2018 ஜனவரியில் சென்னை அணி தோனி, ரெய்னா, ஜடேஜா மூவரையும் தக்கவைத்துக்கொண்டது. ராஜஸ்தான் 12 கோடிக்கு ஸ்மித்தை வைத்துக்கொண்டது. இரண்டே மாதத்தில் கேப்டவுனில் பந்தைச் சேதப்படுத்திய விவகாரம் வெடிக்க, அந்த 12 கோடி இடமும் அந்த சீசனுக்குப் பயன்படாமல் போனது. அதே ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஆட முடியாமல் சென்னை அணி தன் சொந்த ஊர் ஆட்டங்களைக் கஹுஞ்சேக்கு மாற்றிக்கொண்டது. ரசிகர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து சிறப்பு ரயிலே புனேக்குப் போனது. தோனி இப்போது மஞ்சள் சட்டையில் அதே மைதானத்தில் ஆடினார். புனே உரிமையாளருக்கு அதில் பங்கில்லை.

புனேயின் டிராஃப்டில் நிச்சயமின்மை இரண்டு வகையில்தான் இருந்தது: உடல் ஒத்துழைக்குமா, ஆட்டத்திறன் கைகொடுக்குமா. இடம் எத்தனையாவது என்பது அன்றே தெரியும், ஆள் யார் என்பதும் தெரியும், காலமும் இரண்டு ஆண்டு என்று வரையறுக்கப்பட்டது. என்பிஏவில் கைமாறும் எதிர்கால வாய்ப்பில் இந்த மூன்றுமே கிடையாது. மாமரம் பூவெடுக்கும் காலத்திலேயே தோப்பைக் குத்தகைக்குப் பேசுவது போன்றது அது. விளைச்சல் வியாபாரியின் கையிலும் இல்லை, தோப்புக்காரரின் கையிலும் இல்லை.

அங்கே ஆண்டுதோறும் டிராஃப்ட் இரண்டு சுற்றாக நடக்கிறது. ஒரு சுற்றுக்கு ஓர் அணிக்கு ஒரு வாய்ப்பு. சென்ற சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முன்வரிசை என்பது அடிப்படை. இதனால் ஒரு வினோதம் நேர்கிறது. ஓர் அணியிடமிருந்து அதன் எதிர்கால வாய்ப்பை வாங்கிய அணிக்கு, விற்ற அணி தோற்கத் தோற்க லாபம். வாங்கிய சரக்கின் மதிப்பை முடிவுசெய்வது விற்றவரின் தலைவிதி.

அதற்கு மேல் குலுக்கல் வேறு. தோற்றால் முதலிடம் உறுதி என்றிருந்தால் அணிகள் வேண்டுமென்றே தோற்கும் என்பதால் 1985இல் குலுக்கல் முறை வந்தது. இப்போது பிளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதிபெறாத 14 அணிகள் அதில் பங்கேற்கின்றன. 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகளைச் சுழல விட்டு நான்கை எடுத்தால் 1,001 விதமான சேர்க்கைகள் கிடைக்கும். ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதி ஆயிரத்தை அணிகளுக்குப் பகிர்ந்து தருகிறார்கள். 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 140 சேர்க்கைகள், அதாவது 14 சதவீதம். முன்பு கடைசி அணிக்கு 25 சதவீதம் இருந்தது. குலுக்கலில் முதல் நான்கு இடங்கள் மட்டும் முடிவாகும்; மற்றவை தோல்விக் கணக்குப்படி வரும். 2024இல் 3 சதவீத வாய்ப்பிருந்த அட்லான்டாவும், 2025இல் 1.8 சதவீத வாய்ப்பிருந்த டல்லஸும் முதலிடத்தைப் பிடித்தன.

இத்தனை தெரியாமைக்கு நடுவே பேரம் பேசியதில் அதிகம் அடிபட்டது புரூக்ளின் நெட்ஸ். 2012இல் நியூ ஜெர்சியிலிருந்து புரூக்ளினுக்குக் குடியேறிய அந்த அணிக்கு உடனடியாக ஒரு கோப்பை வேண்டியிருந்தது. 2013 கோடையில் பாஸ்டன் செல்டிக்ஸிடமிருந்து கெவின் கார்னெட், பால் பியர்ஸ், ஜேசன் டெர்ரி ஆகியோரை வாங்கியது. கார்னெட்டுக்கு அப்போது 37 வயது, பியர்ஸுக்கு 35. பதிலுக்குச் சில வீரர்களோடு 2014, 2016, 2018 ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகளையும், 2017இல் விரும்பினால் இரு அணிகளின் இடத்தையும் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தது. ஒன்றுக்கும் எந்த நிபந்தனையும் போடவில்லை.

அன்றைய கணக்கில் அது மடத்தனமாகத் தெரியவில்லை. நெட்ஸ் நல்ல அணி. நல்ல அணியின் வாய்ப்பு வரிசையின் பின்பகுதியில்தான் விழும். 2014இல் அது 17ஆவது இடமாகவே வந்தது. அதில் பாஸ்டன் எடுத்த ஜேம்ஸ் யங் நிலைக்கவில்லை. ஆனால் ஓராண்டில் பியர்ஸ் போய்விட்டார், அடுத்த ஆண்டில் கார்னெட்டும் போனார். நெட்ஸ் 2015-16இல் 61 ஆட்டங்களிலும், அடுத்த சீசனில் 62 ஆட்டங்களிலும் தோற்றது. 2016 வாய்ப்பு மூன்றாவது இடமாகி ஜெய்லன் பிரவுன் கிடைத்தார். 2017இல் கைக்கு வந்த முதலிடத்தை பாஸ்டன் பிலடெல்பியாவுக்குக் கொடுத்து, மூன்றாம் இடத்தையும் இன்னோர் எதிர்கால வாய்ப்பையும் வாங்கி, ஜேசன் டேட்டமை எடுத்தது. 2018 வாய்ப்பு, எட்டாவது இடமாக விழுவதற்கு முன்பே, கைரி இர்விங்கை வாங்கும் பேரத்தில் கிளீவ்லேண்டுக்குப் போய்விட்டது. 2024இல் பாஸ்டன் சாம்பியன் ஆனபோது அணியின் இரு தூண்கள் டேட்டமும் பிரவுனும். தான் தோற்ற ஆண்டுகளிலும் புரூக்ளினுக்குத் தோல்வியின் ஆறுதல் பரிசு கிடைக்கவில்லை என்பதுதான் இதில் கொடுமை.

கிளீவ்லேண்டுக்கு இது பழைய காயம். அந்த அணி 1980இல் லேக்கர்ஸுக்குக் கொடுத்த 1982ஆம் ஆண்டு வாய்ப்பு முதலிடமாக வந்து நின்றது. அந்த ஆண்டு கோப்பையை வென்றிருந்த லேக்கர்ஸ் அதைக் கொண்டே ஜேம்ஸ் வொர்தியை எடுத்தது. பின்னர் உரிமையாளரான டெட் ஸ்டெபியன் எதிர்கால வாய்ப்புகளை வரிசையாக அள்ளிக்கொடுக்க, தொடர் நிர்வாகமே தலையிட வேண்டிவந்தது. அடுத்தடுத்த இரு ஆண்டுகளின் முதல் சுற்று வாய்ப்புகளை ஓர் அணி விற்கக் கூடாது என்ற விதி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1983இல் புதிய உரிமையாளர்கள் வந்தபோது அவர்களுக்குக் கூடுதல் வாய்ப்புகளைத் தந்து அணியைக் கரையேற்றினார்கள்.

அணிகள் தாமாகவும் ஒரு தற்காப்பைக் கண்டுபிடித்தன. 'வாய்ப்பு முதல் பத்து இடங்களுக்குள் விழுந்தால் எனக்கே. அதற்குப் பின்னால் விழுந்தால் உனக்கு' என்று நிபந்தனை எழுதுகிறார்கள். முதல் பத்துக்குள் விழுந்துவிட்டால் கடன் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும், சில வேளைகளில் இரண்டாம் சுற்று வாய்ப்பாகக் கரைந்தும் போகும். விற்பவருக்கு இது காப்பீடு. வாங்குபவருக்கு மேல் எல்லை வெட்டப்பட்ட சொத்து. 'ஒரு முதல் சுற்று வாய்ப்பு' என்று செய்தியில் ஒரே பெயரில் வருபவை தம்முள் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுவது இதனால்தான்.

வாங்கியவர் பக்கம் எல்லாம் சரியாக அமைந்த கதையும் உண்டு. 2019 ஜூலையில் ஓக்லஹாமா சிட்டி தண்டர், பால் ஜார்ஜை லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து, ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் என்ற இளைஞரையும் டேனிலோ கலினாரியையும் ஐந்து முதல் சுற்று வாய்ப்புகளையும் வாங்கியது. அவற்றில் ஒன்று 2022இல் 12ஆவது இடமாக வந்து ஜெய்லன் வில்லியம்ஸ் ஆனது. 2025இல் தண்டர் சாம்பியன். அலெக்சாண்டர் அந்த ஆண்டின் சிறந்த வீரர். கிளிப்பர்ஸ் ஒருமுறைகூட இறுதிப்போட்டியை எட்டவில்லை, ஜார்ஜும் 2024இல் ஒப்பந்தம் முடிந்து கிளம்பிவிட்டார். இத்தனைக்கும் பேரத்தின் பெரிய லாபம் வாய்ப்புகளிலிருந்து வரவில்லை. அன்றே கண்முன் நின்ற, 20 வயது அலெக்சாண்டரிடமிருந்து வந்தது.

சரியான இடம் கிடைத்தாலும் சரியான ஆள் கிடைப்பார் என்பதில்லை. 2015இல் பஞ்சாபின் சத்னம் சிங்கை டல்லஸ் 52ஆவது இடத்தில் எடுத்தது. என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர் அவர். பிரதானத் தொடரில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல், பின்னாளில் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். அதற்கு முந்தைய ஆண்டில் 41ஆவது இடத்தில் டென்வர் எடுத்த செர்பியர் நிகோலா யோகிச் மூன்று முறை தொடரின் சிறந்த வீரர் விருதை வென்றிருக்கிறார். பாஸ்டனிடமிருந்து பிலடெல்பியா வாங்கிய 2017 முதலிடத்தில் வந்த மார்கெல் ஃபுல்ட்ஸ் தோள் பிரச்சினையால் தடுமாறினார்.

இப்படியிருந்தும் முதல் இடங்களுக்கு ஏன் இவ்வளவு விலை? ஆய்வாளர்கள் கேட் மேஸியும் ரிச்சர்ட் தாலரும் அமெரிக்கக் கால்பந்துத் தொடரான என்எஃப்எல்லை ஆராய்ந்தபோது, அணிகள் தங்கள் கணிப்பின் மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை வைத்து முன்வரிசை இடங்களுக்கு அதிகம் கொடுப்பதைக் கண்டார்கள். நாளைய வாய்ப்பைக் கொடுத்து இன்றைய வாய்ப்பை வாங்கும் அணிகள் ஆண்டுக்கு 136 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குவதற்குச் சமமான விலை கொடுப்பதாகவும் கணக்கிட்டார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். பயிற்சியாளரும் மேலாளரும் இந்த ஆண்டு தோற்றால் வேலையை இழப்பார்கள். ஏழு ஆண்டு கழித்து வரும் வீரர் அவர்களுக்குப் பின்னால் வருபவருக்குத்தான் பயன்படுவார். பொறுத்திருக்க முடிந்த அணிக்கும் பொறுக்க முடியாத அணிக்கும் ஒரே வாய்ப்பு வெவ்வேறு மதிப்புடையது. சந்தை நடப்பதே இந்த வேறுபாட்டால்தான்.

இந்த வெளிச்சத்தில் புனேயின் 2015 தேர்வுகளைப் பார்த்தால், ஐந்து இடங்களையும் முதிர்ந்த பெயர்களுக்கே செலவிட்டது புரிகிறது. இரண்டு ஆண்டில் கலையப்போகும் அணிக்கு எதிர்காலம் என்று அடகுவைக்க ஒன்றுமில்லை. இளம் வீரரை வளர்த்தால் பலன் வேறொருவருக்கு. கோயங்கா 2021இல் 7,090 கோடிக்கு லக்னோ அணியை வாங்கியபோது நிலைமை வேறு. அது நிரந்தர அணி. ஏலத்துக்கு முன் மூவரை எடுத்துக்கொள்ளும் சலுகையில் 17 கோடிக்கு கே.எல்.ராகுல், 9.2 கோடிக்கு மார்கஸ் ஸ்டாய்னிஸ் ஆகியோரோடு 4 கோடிக்கு 21 வயது ரவி பிஷ்னோயையும் லக்னோ சேர்த்துக்கொண்டது.

ஐபிஎல்லில் எதிர்கால வாய்ப்புகளின் சந்தை உருவாகாததற்கும் காரணம் காலம்தான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெரிய ஏலம் பெரும்பாலான வீரர்களை மீண்டும் சந்தைக்கு அனுப்பிவிடுகிறது. எந்த அணியிடமும் ஏழு ஆண்டுக்கு விற்கத்தக்க உரிமை இல்லை. அதனால் இங்கே கைமாறுவது வயதும் ஆட்டமும் சம்பளமும் தெரிந்த வீரர்கள் மட்டுமே. 2025 நவம்பரில் சென்னை அணி ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியபோது, இரு தரப்பும் எதைக் கொடுத்து எதை எடுத்தன என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.